கர்தினால் வான் துவான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாமின் கர்தினால் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவானைத் தவக்கால மறையுரைகளில் "உள்ளங்கையில் திருப்பலி நிறைவேற்றியவர்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவதுண்டு. அந்த வரிக்கு முன்னும் பின்னும் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. அதை அறிய விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

முதலில், இவர் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1928 ஏப்ரல் 17 அன்று மத்திய வியட்நாமின் பழைய அரச நகரமான ஹுவேயில் பிறந்தவர். 1953இல் குருவானார், 1967இல் நா திராங் மறைமாவட்டத்தின் ஆயரானார். 1975 ஏப்ரலில் சைகோன் உயர் மறைமாவட்டத்துக்கு, அடுத்த பேராயராகும் உரிமையுள்ள இணைப் பேராயராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் கைதாகி, விசாரணையோ தீர்ப்போ இல்லாமல் 13 ஆண்டுகள் காவலில் இருந்தார். அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. 1988இல் விடுதலையாகி, 1991இல் நாட்டை விட்டு வெளியேறி, உரோமையில் நீதி, அமைதி திருப்பீட அவையின் தலைவராகப் பணியாற்றினார். 2001 பிப்ரவரி 21 அன்று கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 2002 செப்டம்பர் 16 அன்று காலமானார்.

கர்தினால் என்ற பட்டத்தோடு அவர் வாழ்ந்தது ஒன்றரை ஆண்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். எனவே இவருடைய வாழ்க்கையைப் பதவி உயர்வுகளின் வரிசையாகப் படித்தால் ஒன்றும் பிடிபடாது. பதவி கையில் இருந்தும் அதன் வேலைகளில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாமல் கிடந்த 13 ஆண்டுகளில்தான் அவருடைய வாழ்க்கையின் சாரம் இருக்கிறது.

கர்தினால் என்பது என்ன பதவி?

திருத்தந்தை தாமே தேர்ந்தெடுத்து வழங்கும் பொறுப்பு அது. கர்தினால்கள் திருத்தந்தைக்கு ஆலோசகர்கள். 80 வயது நிறையாதவர்கள் புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் வாக்களிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் உரோமையில் ஓர் ஆலயம் பெயரளவில் ஒப்படைக்கப்படும். வான் துவானுக்குக் கிடைத்தது, திரஸ்தேவரே பகுதியில் இருக்கும் சாந்தா மரிய தெல்லா ஸ்காலா ஆலயம். அவர் கர்தினாலாக இருந்த காலத்தில் திருத்தந்தைத் தேர்தல் எதுவும் நடக்கவில்லை.

அவருடைய குடும்பப் பின்னணி என்ன?

இரத்தம் சிந்திய குடும்பம். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வியட்நாமில் கிறிஸ்தவர்கள் மீது பல தலைமுறைகளாக நடந்த கொடுமைகளில் அவருடைய தந்தைவழி, தாய்வழி முன்னோர்கள் இருதரப்பும் பாதிக்கப்பட்டார்கள். 1885இல் தாய்வழி ஊரில் கிறிஸ்தவர்கள் எல்லாரையும் கோவிலுக்குள் வைத்துத் தீயிட்டுக் கொன்றார்கள். அவருடைய தாய்வழித் தாத்தா நோ தின் கா அப்போது பினாங்கில் படித்துக்கொண்டிருந்ததால் தப்பினார். மலேசியத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த அந்தத் தீவில் இருந்த குருமடம்தான், அதாவது குருக்களாகப் போகிறவர்கள் பயிலும் இல்லம்தான், அந்த வம்சத்தைக் காப்பாற்றியது.

தந்தைவழிக் கொள்ளுத்தாத்தாவின் கதையை வான் துவான் பலமுறை சொல்லியிருக்கிறார். விசுவாசத்துக்காகச் சிறையில் கிடந்த தன் தகப்பனுக்கு, 15 வயதில் நாள்தோறும் 30 கிலோமீட்டர் நடந்து கொஞ்சம் சோறும் உப்பும் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, குடும்ப செபம் முடிந்த பிறகும் குருக்களுக்காகத் தனியாக ஒரு செபமாலை சொல்வாராம். தாய் எலிசபெத் இரவுதோறும் விவிலியக் கதைகளையும் குடும்பத்து மறைசாட்சிகளின் கதைகளையும் சொல்லி வளர்த்தார். சிறைக்குள் போனபோது துவானுக்குச் சிறை புதிது. ஆனால் சிறையில் ஒரு விசுவாசி எப்படி இருக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

அவர் அதிபர் டியெமின் உறவினராமே? அதனால்தான் கைதானாரா?

ஆமாம், தென் வியட்நாம் அதிபர் நோ தின் டியெம் அவருடைய தாய்மாமன். ஹுவே பேராயராக இருந்த நோ தின் துக் இன்னொரு தாய்மாமன்.

இந்த உறவை மறைத்துப் பேசுகிற பக்திக் கட்டுரைகள் எனக்குப் பிடிப்பதில்லை. டியெம் ஆட்சி கத்தோலிக்கர்களுக்குச் சலுகை காட்டியது, பௌத்தர்களை ஒடுக்கியது என்ற குற்றச்சாட்டு வலுவானது. 1963 மே மாதம் அதே ஹுவே நகரில் பௌத்தக் கொடி ஏற்றத் தடை விதித்ததில் வெடித்த கிளர்ச்சி நாடு முழுவதும் பரவியது. அந்த ஆண்டு நவம்பரில் நடந்த இராணுவப் புரட்சியில் டியெமும் அவருடைய தம்பி நூவும் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு இன்னொரு மாமனான கானுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இவர்கள் எல்லாருக்கும் மூத்தவரான கோயை 1945இலேயே கம்யூனிஸ்டுகள் தலைமையிலான வியட் மின் கொன்றிருந்தது.

ஆகவே 1975இல் போரில் வென்ற வட வியட்நாம் கம்யூனிஸ்ட் அரசின் கண்ணில் துவான், வீழ்ந்த ஒரு வம்சத்தின் வாரிசு. அதோடு, சைகோனுக்கு அவரை நியமித்தது வத்திக்கானும் ஏகாதிபத்தியமும் சேர்ந்து செய்த சதி என்று குற்றம் சாட்டினார்கள். நியமனம் வந்தது ஏப்ரல் 24, சைகோன் வீழ்ந்தது ஏப்ரல் 30. தேதிகள் அவருக்கு எதிராகவே அமைந்தன. உறவு ஒரு காரணம், பதவி இன்னொரு காரணம். ஆனால் இவற்றை எந்த நீதிமன்றத்திலும் யாரும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்க முயலவும் இல்லை.

கைதுக்கு முன் ஆயராக என்ன செய்தார்?

உரோமையில் திருஅவைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று 1959இல் திரும்பி, ஹுவே குருமடத்தில் கற்பித்தார். நா திராங்கில் எட்டு ஆண்டுகள் ஆயராக இருந்தபோது, உயர் குருமட மாணவர்கள் 42 பேரிலிருந்து 147 பேராகவும், இளங்குருமட மாணவர்கள் 200 பேரிலிருந்து 500 பேராகவும் பெருகினார்கள். பொதுநிலையினருக்குப் பயிற்சி, இளைஞர் இயக்கங்கள், போரில் வீடிழந்தவர்களுக்கு மறுவாழ்வு என்று ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தவர். இந்த ஓட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறையில் அவரை முதலில் வதைத்தது அது நின்றுபோனதுதான்.

கைது எப்படி நடந்தது?

1975 ஆகஸ்ட் 15, அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா. நமக்குச் சுதந்திர நாளாக நினைவில் நிற்கும் அதே தேதி. சைகோனில் முன்னாள் அதிபர் மாளிகைக்கு வரச்சொன்னார்கள். போனவரை அங்கேயே பிடித்து, ஏறத்தாழ 450 கிலோமீட்டர் வடக்கே, தம்முடைய பழைய மறைமாவட்டத்துக்குள்ளேயே இருந்த கே வோங் என்ற சிற்றூருக்கு இரவோடு இரவாகக் கொண்டுபோனார்கள். அப்போது அவரிடம் இருந்தவை உடுத்தியிருந்த அங்கியும் பையில் இருந்த செபமாலையும். அந்த வழிப்பயணத்தில்தான், விடுதலைக்காகக் காத்திருந்து நாள்களைக் கழிக்கப்போவதில்லை, இப்போது கையில் இருக்கும் நொடியை அன்பால் நிரப்பி வாழ்வேன் என்று முடிவெடுத்ததாகப் பிற்காலத்தில் சொன்னார்.

13 ஆண்டுகளும் ஒரே சிறையிலா?

இல்லை. முதலில் கே வோங்கில் வீட்டுக் காவல். 1976 மார்ச்சில் பூ கான் சிறைமுகாமில் தனி அறை. அந்த ஆண்டு இறுதியில் ஹாய் ஃபோங் என்ற கப்பலின் அடித்தளத்தில் 1500 கைதிகளோடு வடக்கே அனுப்பப்பட்டு, தாம் தாவோ மலைப்பகுதியில் இருந்த வின் பூ மறுகல்வி முகாமில் வைக்கப்பட்டார். பிறகு ஹனோய்க்கு அருகில் ஜியாங் சா என்ற ஊரில் வீட்டுக் காவல், கடைசியாக ஹனோயில் பொதுப் பாதுகாப்புத் துறையின் காவலில்.

அந்தக் கப்பலைப் பற்றி மட்டும் ஒரு விஷயம். இருட்டில் கைதி ஒருவர் கம்பியால் கழுத்தை இறுக்கிச் சாக முயன்றார். மற்றவர்கள் துவானைக் கூப்பிட்டார்கள். அவர் பக்கத்தில் போய் அமர்ந்து பேசி மீட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு கலிபோர்னியாவில் அந்த மனிதர் அவரைத் தேடிவந்து, கழுத்தில் இருந்த தழும்பைக் காட்டினார். தமக்குக் கொடுக்கப்பட்ட பேராலயம் அந்தக் கப்பலின் அடித்தளம், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மக்கள் அந்தக் கைதிகள் என்று அன்று உணர்ந்ததாகத் துவான் சொல்லியிருக்கிறார்.

நாள்காட்டித் தாளில் புத்தகம் எழுதினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கே வோங்கில் காவலில் இருந்தபோது, தம் மக்களோடு பேச வழியில்லையே என்று தவித்தவருக்கு, சிறையிலிருந்து கடிதம் எழுதிய புனித பவுல் நினைவுக்கு வந்தார். 1975 அக்டோபரில் ஒருநாள் விடியற்காலை, திருப்பலி முடிந்து போய்க்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவனை அழைத்து, "அம்மாவிடம் சொல்லிப் பழைய நாள்காட்டிகளை எனக்கு வாங்கிவா" என்றார். மாலையில் சிறுவன் கொண்டுவந்தான். இரவெல்லாம் அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவார், காலையில் சிறுவன் எடுத்துப்போவான், அவனுடைய உடன்பிறந்தவர்கள் படியெடுப்பார்கள். இப்படி உருவான 1001 சிறு சிந்தனைகள்தான் 'நம்பிக்கையின் பாதை' என்ற நூல். அச்சகம் இல்லை, பதிப்பாளர் இல்லை. பிள்ளைகளின் கையெழுத்தில்தான் அது முதலில் பரவியது.

தனிமைச் சிறையில் அவர் மனம் உடையவில்லையா?

உடைந்தது. அதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. பூ கானில் இருந்த அறைக்குச் சன்னல் இல்லை. சில நாள்கள் இரவு பகலாக விளக்கு எரியும், சில நாள்கள் முழு இருட்டு. புழுக்கத்தில் பாயில் காளான் முளைத்தது. சுவரின் அடியில் நீர் வெளியேற ஓர் ஓட்டை இருந்தது. தரையில் குப்புறப்படுத்து அதில் மூக்கை வைத்துத்தான் மூச்சு வாங்குவார். மழை வந்தால் அதே ஓட்டை வழியாகப் பூச்சிகளும் பூரான்களும் உள்ளே வரும். விரட்டக்கூடத் தெம்பு இருக்காது. செபம் சொல்ல முடியாமல் போன நாள்கள் உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார்.

உடலைவிட மனம்தான் அதிகம் எரிந்தது. 48 வயது, நல்ல தெம்பு, எட்டு ஆண்டு ஆயர் அனுபவம். பாதியில் நின்ற பணிகள் எத்தனையோ. இங்கே சும்மா கிடக்கிறோமே என்ற எண்ணம் தூங்கவிடவில்லை. ஓரிரவு அவருடைய உள்ளத்தின் ஆழத்தில் ஒரு குரல் கேட்டது: ஏன் இப்படி உன்னையே வதைத்துக்கொள்கிறாய்? கடவுள் வேறு, கடவுளுக்காக நீ செய்யும் பணிகள் வேறு. மேய்ப்புப் பணி, குருமடம், பள்ளிகள் எல்லாம் நல்லவைதாம், ஆனால் அவை கடவுள் அல்ல. விட்டுவிடச் சொன்னால் விட்டுவிடு. அவர் அவற்றை உன்னைவிடத் திறமையான கைகளில் கொடுப்பார். கேட்டதன் சாரம் இது.

அன்றிலிருந்து தமக்கு ஒரு புதிய அமைதி வந்தது என்றார். துவானைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். உள்ளங்கையில் மூன்று துளி திராட்சை இரசத்தோடு அவர் நிறைவேற்றிய திருப்பலியின் கதை இதற்குப் பிறகுதான் பொருள்படும்.

அப்படியானால் அந்த உள்ளங்கைத் திருப்பலி? எப்படி முடிந்தது?

கைதான மறுநாள், உடை, பற்பசை போன்ற தேவைகளுக்குக் கடிதம் எழுத அனுமதித்தார்கள். "என் வயிற்று வலிக்குக் கொஞ்சம் திராட்சை இரசம், மருந்தாக அனுப்புங்கள்" என்று எழுதினார். விசுவாசிகளுக்கு உடனே புரிந்துவிட்டது. 'வயிற்று வலி மருந்து' என்று சீட்டு ஒட்டிய சிறு குப்பியில் இரசமும், ஈரம் படாமல் ஒரு டார்ச் விளக்குக்குள் மறைத்து அப்பங்களும் வந்தன. "உங்களுக்கு வயிற்று வலியா?" என்று காவலர் கேட்டார். ஆமாம் என்றார். "இந்தாருங்கள் மருந்து."

உள்ளங்கையில் மூன்று துளி இரசம், ஒரு துளி தண்ணீர். அந்தக் கையே கிண்ணம், அந்தக் கையே பீடம். வழிபாட்டு வார்த்தைகள் எல்லாம் மனப்பாடம்.

மறுகல்வி முகாமில் 50 பேர் ஒரே பலகைப் படுக்கையில் படுப்பார்கள், ஆளுக்கு அரை மீட்டர் இடம். துவானுக்குப் பக்கத்தில் கத்தோலிக்கர்கள் ஐவர் இருக்கும்படி அவர்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணைந்ததும் அவர் குனிந்து திருப்பலியை மனப்பாடமாகச் சொல்வார், கொசுவலைக்கு அடியில் கையை நீட்டி, திருப்பலியில் அர்ச்சித்த அப்பமான நற்கருணையை வழங்குவார். சிகரெட் பெட்டித் தாளில் சிறு பைகள் செய்து, அதில் நற்கருணையை வைத்து மற்றக் குழுக்களில் இருந்த கத்தோலிக்கர்களுக்கும் அனுப்பினார்கள். வாரந்தோறும் நடந்த அரசியல் வகுப்பின் இடைவேளைதான் அதைக் கைமாற்ற நேரம். இரவில் முறைவைத்து ஆராதனை செய்தார்கள். பௌத்தர்களும் வேறு சமயத்தவரும் அந்தக் கைதிகளின் நடத்தையைப் பார்த்து விசுவாசத்துக்கு வந்தார்கள்.

காவலர்கள் அவருக்கு நண்பர்களானது எப்படி?

முதலில் அவர்கள் பேசவே மாட்டார்கள். கேட்டால் ஆம், இல்லை, அவ்வளவுதான். கொடுப்பதற்கு அவரிடம் எதுவும் இல்லை. அப்போது, அன்பு இன்னும் கையில்தான் இருக்கிறது என்று தோன்றியது. மறுநாளிலிருந்து தாம் போய்வந்த நாடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர்கள் காதுகொடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள், பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்றுத்தரச் சொன்னார்கள். அவர் பேச்சில் மயங்கிவிடக்கூடாது என்று தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காவலர்களை மாற்றிய மேலிடம், இப்படியே போனால் எல்லாக் காவலர்களையும் கெடுத்துவிடுவார் என்று பிறகு மாற்றுவதையே நிறுத்திவிட்டது.

ஒரு காவலர் இலத்தீன் கற்றார். பாட்டு ஒன்று வேண்டும் என்று அவர் கேட்க, தூய ஆவியாரை அழைக்கும் பழைய இலத்தீன் பாடலைத் துவான் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு காலைதோறும் அந்தக் கம்யூனிஸ்ட் காவலர் உடற்பயிற்சிக்காக மரப்படியில் இறங்கும்போது "வேனி கிரேயாத்தோர்" என்று பாடிக்கொண்டே இறங்குவார்.

அவர் கழுத்தில் இருந்த மரச்சிலுவையின் கதை என்ன?

வின் பூவில் மரம் வெட்டும் வேலையில் இருந்தபோது, ஒரு துண்டைச் சிலுவையாகச் செதுக்கிக்கொள்ளக் காவலரிடம் அனுமதி கேட்டார். சமய அடையாளம் வைத்திருந்தால் இருவருக்கும் தண்டனை. ஆனாலும் காவலர் கண்டும் காணாமல் விலகிப்போனார். செதுக்கிய சிலுவையைச் சோப்புக் கட்டிக்குள் மறைத்து வைத்தார். பின்னர் ஹனோயில் வேறொரு காவலரிடம் மின்கம்பி கேட்டார். தற்கொலைக்குத்தான் கேட்கிறார் என்று அவர் பயந்துபோனார். சங்கிலி செய்யத்தான் என்று விளக்கியதும், இரண்டு குறடுகளோடு வந்து, அடுத்த காவலர் வருவதற்குள் தாமும் உட்கார்ந்து கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிக் கோத்துக்கொடுத்தார். உலோகப் பூண் போட்ட அந்தச் சிலுவையும் சங்கிலியும் கடைசிவரை அவருடைய ஆயர் சிலுவையாக இருந்தன.

எப்படி விடுதலையானார்?

1988 நவம்பர் 21. சமைத்துக்கொண்டிருந்தவரை உள்துறை அமைச்சரிடம் அழைத்துப்போனார்கள். "ஏதாவது விருப்பம் உண்டா?" "உண்டு. விடுதலை வேண்டும்." "எப்போது?" "இன்று." அமைச்சர் திகைத்துப்போனார். துவான் விளக்கினார்: நான் சிறையில் இருந்த காலத்தில் மூன்று திருத்தந்தையர் ஆகிவிட்டார்கள், ஆறாம் பவுல், முதலாம் யோவான் பவுல், இரண்டாம் யோவான் பவுல். சோவியத் தலைவர்கள் நால்வர், பிரெஷ்னேவ், ஆந்த்ரோபோவ், செர்னென்கோ, கோர்பசேவ். அமைச்சர் சிரித்துவிட்டு, உதவியாளரிடம் ஆகவேண்டியதைச் செய்யச் சொன்னார். அன்று அன்னை மரியாவைக் காணிக்கையாக்கிய விழா நாள்.

ஆனால் சைகோன் போய்ப் பொறுப்பேற்க அரசு விடவில்லை. 1991இல் வெளிநாடு சென்றவர் திரும்பிவர அனுமதி கிடைக்கவில்லை. பிறந்த மண்ணை அதன் பிறகு அவர் பார்க்கவில்லை.

உரோமையில் என்ன பணி செய்தார்?

1994இல் நீதி, அமைதி திருப்பீட அவையின் துணைத் தலைவர், 1998இல் கர்தினால் எட்செகரைக்குப் பின் தலைவர். ஏழை நாடுகளின் கடன் சுமை போன்ற பிரச்சினைகளில் குரல் கொடுத்த துறை அது. திருஅவையின் சமூகப் போதனைகளைத் தொகுக்கும் பெரும் பணி அவர் காலத்தில்தான் தொடங்கியது. அவர் இறந்த பிறகு, 2004இல் அந்தத் தொகுப்பு வெளிவந்தது.

2000ஆம் ஆண்டு, யூபிலி ஆண்டின் தவக்காலத்தில், தமக்கும் திருப்பீட அதிகாரிகளுக்கும் தியானம் நடத்த இரண்டாம் யோவான் பவுல் இவரை அழைத்தார். இயேசுவின் 'குறைகள்' என்று அப்போது அவர் சொன்னவை புகழ்பெற்றவை. இயேசுவுக்கு ஞாபகசக்தி குறைவு: சிலுவையில் தொங்கிய கள்வன் கேட்டதும், அவன் செய்ததையெல்லாம் மறந்து அன்றைக்கே விண்ணகம் தந்தார். கணக்கும் வராது: நூறு ஆடுகளில் ஒன்று காணாமல்போனதும் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுத் தேடிப்போனார், அவருக்கு ஒன்றும் தொண்ணூற்றொன்பதும் சமம். கணக்குப் பாராத மன்னிப்பைத் தம் காவலர்களிடம் பழகிவிட்டு வந்தவர் பேசியதால்தான் அந்த வார்த்தைகளுக்கு அவ்வளவு எடை.

அவரோடு கர்தினாலானவர்கள் யார்?

அன்று சிவப்புத் தொப்பி பெற்றவர்கள் 44 பேர். பிற்காலத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் ஆன புவனோஸ் ஐரஸ் பேராயர் பெர்கோலியோ அவர்களில் ஒருவர். இந்தியாவிலிருந்து மும்பைப் பேராயர் ஐவன் டயசும், சீரோ மலபார் திருஅவையின் வர்க்கி விதயத்திலும் இருந்தார்கள்.

அவர் புனிதராக அறிவிக்கப்பட்டுவிட்டாரா?

இல்லை. புற்றுநோயால் 74 வயதில் இறந்தார். இரண்டாம் யோவான் பவுல் தலைமையில் புனித பேதுரு பெருங்கோவிலில் அடக்கத் திருப்பலி நடந்தது. உரோமைக் கல்லறைத் தோட்டத்தில் இருந்த உடல் 2012இல் அவருடைய பெயரளவு ஆலயமான சாந்தா மரிய தெல்லா ஸ்காலாவுக்கு மாற்றப்பட்டது. 2007இல் பதினாறாம் பெனடிக்ட், எதிர்நோக்கு பற்றிய தம் சுற்றுமடலில் இவரைச் சான்றாகக் காட்டி எழுதினார். புனிதர் பட்டப் பணி 2010இல் முறைப்படி தொடங்கியது. 2017 மே 4 அன்று, இவருடைய வீரத்துவமான நற்பண்புகளைத் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்றார். அதனால் இன்று 'வணக்கத்துக்குரியவர்' என்று அழைக்கிறோம். அடுத்த படியான அருளாளர் பட்டத்துக்கு, இவருடைய பரிந்துரையால் நடந்த ஒரு புதுமை, அதாவது அற்புதம், முறைப்படி ஆராயப்பட்டு ஏற்கப்பட வேண்டும். அதுவரை ஆலயங்களில் இவருக்குப் பொது வழிபாடு கிடையாது. தனிப்பட்ட முறையில் இவரிடம் வேண்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை.